ஆளுநரையும் நாமே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தால் என்ன?

ஓசூர் வாசகர் கேட்டது, 2025 ஏப்ரல் 13

மகள் நியூஜெர்சியில் இருக்கிறாள். அங்கே கவர்னருக்கே ஜனங்கள் ஓட்டுப் போடுகிறார்கள். இங்கே டெல்லியிலிருந்து ஒருவரை அனுப்புகிறார்கள். நம் சட்டசபை நிறைவேற்றிய 10 மசோதாக்கள் அவர் மேஜையில் கிடந்து, கடைசியில் உச்ச நீதிமன்றம் சொல்லித்தான் சட்டமாகின்றன. வெள்ளைக்காரன் விட்டுப்போனதை அப்படியே வைத்துக்கொண்டோம், அவ்வளவுதானே? அரசியல் சட்டம் எழுதியபோதே ஏன் மாற்றவில்லை? டீச்சர் சொல்லட்டும்.

ஏப்ரல் 13, இரவு

மாற்றத்தான் பார்த்தார்கள். பாதி தூரம் போய்த் திரும்பிவிட்டார்கள்.

மாகாணங்களுக்கு எப்படிப்பட்ட அமைப்பு வேண்டும் என்று பார்க்க வல்லபாய் படேல் தலைமையில் ஒரு குழு இருந்தது. வயது வந்த எல்லோரும் ஓட்டுப் போட்டு ஆளுநரை நேரடியாகத் தேர்ந்தெடுக்கட்டும் என்று அது சொன்னது. 1947 ஜூலையில் அரசியல் நிர்ணய சபையும் அதை ஏற்றது. 1948-ல் வந்த வரைவில் இரண்டு வழிகள் இருந்தன: ஒன்று நேரடித் தேர்தல். இன்னொன்று, சட்டசபை நான்கு பேரைத் தேர்ந்தெடுத்து அனுப்ப, அதில் ஒருவரைக் குடியரசுத் தலைவர் நியமிப்பது.

1949 மே மாதக் கடைசியில் இரண்டும் போயின. குடியரசுத் தலைவரே நேரடியாக நியமிப்பார் என்று முடிவானது. இன்று 155-வது பிரிவு ஒரே வாக்கியம். யாரைக் கேட்டு நியமிக்க வேண்டும் என்று அதில் ஒரு சொல்லும் கிடையாது.

அவர்கள் சொன்ன காரணம் லேசில் தள்ளக்கூடியது இல்லை. முதலமைச்சரும் மக்கள் ஓட்டில் வருகிறார், ஆளுநரும் மக்கள் ஓட்டில் வருகிறார் என்றால் இருவருமே "ஜனங்கள் என் பக்கம்" என்பார்கள். யார் சொல் நிற்கும்? அதிகாரம் இல்லாத பதவிக்கு மாகாணம் முழுக்க ஒரு தேர்தல் எதற்கு என்றும் கேட்டார்கள்.

ஏப்ரல் 14

நேற்று எழுதியதில் ஒன்றைச் சேர்க்க வேண்டும், முக்கியமானது அதுதான்.

நியமனத்தை ஆதரித்துப் பேசியவர்களே, மாகாண அமைச்சரவையைக் கேட்டுத்தான் ஆளுநரைப் போடுவார்கள் என்ற நம்பிக்கையில் பேசினார்கள். மாகாண அரசுக்கு ஏற்புடையவராக இருக்க வேண்டும் என்று நேரு சொன்னார். கலந்து பேசுவது நல்ல மரபாக வளரும் என்று அல்லாடி கிருஷ்ணசாமி அய்யர் நினைத்தார். மரபாக வளரும் என்று விட்டார்கள், எழுதி வைக்கவில்லை. மேலே ஒரு கட்சி, கீழே ஒரு கட்சி என்ற நிலைமையை அன்றைக்கு அந்த மண்டபத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் பார்த்ததில்லை. நமக்கு 1967-லிருந்து அதுதான் சோறும் தண்ணீரும்.

1969-ல் தமிழ்நாடு அரசு போட்ட ராஜமன்னார் குழு 1971-ல் அறிக்கை கொடுத்தது. மாநில அமைச்சரவையைக் கலந்தே ஆளுநரை நியமிக்க வேண்டும் என்றது. பிறகு சர்க்காரியா ஆணையமும் முதலமைச்சரைக் கேட்க வேண்டும் என்றது. அறிக்கைகள் இருக்கின்றன. 155-வது பிரிவு மாறவில்லை.

ஏப்ரல் 16

"வெள்ளைக்காரன் விட்டுப்போனது" என்பதற்கு வருகிறேன். தர்மபுரிக்காரர்களுக்கு இந்தக் கதையில் சொந்த இடம் உண்டு.

1792-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்து உடன்படிக்கையில் திப்பு சுல்தானிடமிருந்து பாரமகால், அதாவது இன்றைய தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம், கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போனது. அலெக்சாண்டர் ரீட் என்ற கேப்டனை நிர்வாகத்துக்குப் போட்டார்கள். அவருக்குக் கீழே உதவியாளராக வந்தவர் தாமஸ் மன்றோ. 1799 வரை இங்கேதான் இருந்தார். ஊர் ஊராகப் போய் நிலத்தை அளந்து, ஒவ்வொரு உழவனோடும் நேரடியாக வரி பேசும் ரயத்துவாரி முறைக்கு நம் மண்ணில்தான் பழகினார். அதே மன்றோ 1820-ல் சென்னை கவர்னராக வந்தார். 1827-ல் பதவியில் இருக்கும்போதே காலராவில் இறந்தார்.

ஜனங்கள் அவரைத் தேர்ந்தெடுத்தார்களா? இல்லை. லண்டனில் கம்பெனி இயக்குநர்கள் தேர்ந்தெடுத்தார்கள், பிரிட்டிஷ் அரசு சரி என்றது. 1858-க்குப் பிறகு கம்பெனி போய் மகாராணியின் பெயரில் நியமனம் வந்தது. சென்னை, பம்பாய் கவர்னர் பதவிகளுக்குப் பெரும்பாலும் இங்கிலாந்திலிருந்தே பிரபுக்களையும் அரசியல்காரர்களையும் கப்பலேற்றினார்கள். நம் சந்தைகளையும் ஏரிகளையும் நடந்து பார்த்துவிட்டு அந்த நாற்காலிக்குப் போன மன்றோ அபூர்வம். அவரைப் பற்றி இந்தப் பக்கத்தில் கிழவர்கள் மரியாதையோடு பேசியதை நானே சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். ஊரை அறிந்தவர் என்பது ஒன்று, ஊருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்பது வேறு. முதலாவது மன்றோவிடம் இருந்தது.

ஏப்ரல் 19

இப்போது சட்டசபை பக்கம். இதை வரிசையாக வைத்துப் பார்த்தால்தான் கேள்விக்கு உயிர் வரும்.

1861: சட்டம் இயற்ற மட்டும் கவர்னரின் கவுன்சிலில் கூடுதலாக 4 முதல் 8 பேர். எல்லோரும் நியமனம்.

1892: 20 பேர் வரை. நகராட்சிகள், ஜில்லா போர்டுகள், பல்கலைக்கழகம், வணிகர் சங்கம் பெயர் சொல்லும், கவர்னர் நியமிப்பார். நடந்தது தேர்தல் போல, எழுதியது நியமனம் என்று.

1909: மிண்டோ–மார்லி. 50 பேர் வரை. தேர்தலை ஒப்புக்கொண்டார்கள், ஆனால் பெரும்பாலும் மறைமுகத் தேர்தல். முஸ்லிம்களுக்குத் தனித்தொகுதி வந்தது இதில்தான்.

1919 சட்டம், 1920 தேர்தல்: அப்போது ஒரே சபையாக இருந்த சென்னை மேலவைக்கு 127 பேர் (கவர்னரின் நிர்வாகக் கவுன்சிலர்கள் தனி). அதில் 98 பேர் ஓட்டில் வந்தவர்கள். சொத்து, வரி இருந்தவருக்கே ஓட்டு. நீதிக்கட்சி ஜெயித்தது. சுப்பராயலு ரெட்டியார் முதல் முதலமைச்சர். கல்வி, சுகாதாரம், உள்ளாட்சி மாதிரியான துறைகள் மட்டும் அமைச்சர்களிடம். நிலவரி, போலீஸ், நீதி கவர்னர் கையிலேயே இருந்தன. பள்ளிக்கூடம் கட்டும் பொறுப்பு இவரிடம், அதற்குப் பணம் வரும் கஜானா அவரிடம்.

1935 சட்டம், 1937 தேர்தல்: 215 பேர் கொண்ட சட்டசபை, அத்தனை பேரும் ஓட்டில் வந்தவர்கள். மேலவையில் மட்டும் ஒரு சில நியமனங்கள்.

1952: 21 வயதான எல்லோருக்கும் ஓட்டு. 375 இடங்கள். ஆந்திரா பிரிந்து, மாநில எல்லைகள் மாறி 1957-ல் 205. 1967-லிருந்து 234.

1986: தமிழ்நாட்டில் மேலவையே போயிற்று. அதோடு ஆளுநர் நியமித்த ஆறில் ஒரு பங்கு இடங்களும் போயின.

2020: ஆங்கிலோ–இந்தியருக்கான நியமன இடத்தை நாடாளுமன்றம் நிறுத்தியது.

எண்களை ஒருமுறை மேலிருந்து கீழே படியுங்கள். 1861-ல் எல்லோரும் நியமனம். இன்று சட்டசபையில் ஒருவர்கூட நியமனம் இல்லை. 160 ஆண்டுகளாக நியமனம் தேய்ந்து தேய்ந்து, மாநில ஆட்சியின் உச்சியில் ஒரே ஒரு நாற்காலியில் வந்து நிற்கிறது. ஓசூர் சார் கேட்டது அந்த நாற்காலியைப் பற்றி. நியாயமான கேள்வி.

ஏப்ரல் 20

ஊத்தங்கரை அக்கா எழுதியிருக்கிறார்: "நியமனம் என்றாலே கெட்டது என்கிற மாதிரி எழுதிவிட்டீர்களே. முத்துலட்சுமி ரெட்டி எப்படி வந்தார்?"

சரியான இடத்தில் பிடித்தார். 1921-ல் பெண்களுக்கு ஓட்டுரிமை தரத் தீர்மானித்ததில் சென்னை மேலவைதான் பிரிட்டிஷ் இந்தியாவில் முதல். ஆனால் சொத்துத் தகுதியைத் தாண்டி எத்தனை பெண்கள் வந்திருக்க முடியும்? டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி நியமனத்தில்தான் உள்ளே போனார், போனதும் மேலவை அவரைத் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. தேவதாசி முறைக்கு எதிராக அங்கே நின்று பேசினார். ரெட்டமலை சீனிவாசனும் 1923-ல் நியமனத்தில் போனவர்தான். பொதுத் தெருவிலும் பொதுக் கிணற்றிலும் எல்லோருக்கும் உரிமை வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். நிலம் வைத்திருந்தவன் மட்டும் ஓட்டுப் போட்ட காலத்தில், தேர்தல் வழியாக அவர் வந்திருப்பாரா என்று யோசித்தால் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

ஆகவே இப்படிச் சொல்கிறேன்: ஓட்டே சிலருக்குத்தான் என்றிருந்தபோது நியமனம் சில நல்ல கதவுகளைத் திறந்தது. அந்தக் கதவுக்குள் போனவர்கள் சபையில் ஒருவராக உட்கார்ந்து பேசினார்கள், சபையின் முடிவைத் தடுத்து நிறுத்தும் கை அவர்களுக்கு இல்லை. ஆளுநர் நியமனத்தை இதோடு ஒப்பிட முடியாதது அதனால்தான்.

அதே காலத்தில் நேரெதிர் உதாரணமும் நம் பழைய சேலம் ஜில்லாவிலேயே இருக்கிறது. 1926 தேர்தலில் யாருக்கும் பெரும்பான்மை இல்லை. அதிக இடம் பிடித்த சுயராஜ்யக் கட்சி ஆட்சி வேண்டாம் என்றது. குமாரமங்கலம் ஜமீன்தார் டாக்டர் சுப்பராயனைக் கவர்னர் கோஷன் முதலமைச்சராக்கினார். கட்சி இல்லாத அவர் நியமன உறுப்பினர்களின் ஓட்டில் நின்றார். கவர்னர் நியமித்தவர்கள், கவர்னர் அமைத்த அமைச்சரவையைத் தாங்கினார்கள். கெட்டிக்காரர், நல்ல வேலைகளும் செய்தார். ஆனால் அந்த ஏறக்குறைய நான்கு வருஷமும் ஆட்சியின் வேர் கோட்டையில் கவர்னரின் அறையில் இருந்தது.

மே 4

தொரப்பள்ளி போய்விட்டு வந்தேன். ஓசூரிலிருந்து பக்கம். ராஜாஜி பிறந்த வீட்டை நினைவில்லமாக வைத்திருக்கிறார்கள். தங்கை மகன் கூட வந்தான், "இவர் கவர்னரா சீஃப் மினிஸ்டரா, பெரியம்மா?" என்று கேட்டான். இரண்டும்தான்டா என்றேன். இந்த இழையின் மொத்த விஷயமும் அந்த ஒரு மனிதருக்குள் இருக்கிறது.

1937-ல் காங்கிரஸ் 215-க்கு 159 பிடித்தது. ராஜாஜி உடனே பதவி ஏற்கவில்லை. 1935 சட்டம் கவர்னருக்குத் தனி அதிகாரங்கள் கொடுத்திருந்தது, அமைச்சர்கள் சொல்வதைத் தள்ளிவிட்டுத் தானே முடிவெடுக்கலாம். அன்றாட ஆட்சியில் அதைப் பயன்படுத்த மாட்டேன் என்று உறுதி கொடுத்தால்தான் வருவோம் என்றது காங்கிரஸ். கவர்னர் எர்ஸ்கின், கூர்மா வெங்கட ரெட்டி நாயுடுவைக் கொண்டு ஓர் இடைக்கால அமைச்சரவை அமைத்தார். ஏப்ரல் 1 முதல் ஜூலை நடு வரை அது ஓடியது. இந்த ரெட்டி நாயுடு அதற்கு முந்தைய வருஷம், 1936-ல், தற்காலிக கவர்னராகவே இருந்தவர். சபையில் பெரும்பான்மை இல்லாத அமைச்சரவையால் சபையைக் கூட்டவே முடியவில்லை. கடைசியில் வைஸ்ராய் பக்கமிருந்து சமாதானமான வார்த்தைகள் வந்த பிறகு ராஜாஜி பதவியேற்றார்.

ஓட்டு வாங்கிய கட்சி, கவர்னரின் கையைக் கட்டிவிட்டுத்தான் நாற்காலியில் உட்காருவேன் என்று மூன்றரை மாதம் வெளியே நின்றது. இதை நான் வகுப்பில் சொல்லும்போதெல்லாம் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

1939 அக்டோபரில், இந்தியாவைக் கேட்காமலே போரில் இழுத்துவிட்டதை எதிர்த்து அமைச்சரவை விலகியது. 1935 சட்டத்தின் 93-வது பிரிவின் கீழ் கவர்னர் ஆட்சி, 1946 வரைக்கும். மாநில ஆட்சியைக் கலைக்க உதவும் இன்றைய 356-வது பிரிவுக்கு அது மூத்த தமையன்.

பிறகு? 1947 ஆகஸ்ட் 15 அன்று ராஜாஜி மேற்கு வங்காளத்துக்கு ஆளுநர். 1948-ல் இந்தியாவின் கவர்னர் ஜெனரல். 1950-ல் குடியரசு வந்ததும் அந்தப் பதவியே முடிந்தது, அதில் கடைசியாக இருந்தவர் தொரப்பள்ளிக்காரர்.

1952-தான் எனக்கு இன்னமும் தொண்டையில் நிற்கிறது. 375-ல் காங்கிரஸுக்கு 152. கம்யூனிஸ்டுகளும் மற்றவர்களும் முன்னாள் முதலமைச்சர் டி. பிரகாசம் தலைமையில் அணி சேர்ந்து எங்களுக்குத்தான் அதிகம் என்றார்கள். ஆளுநர் ஸ்ரீபிரகாசா ராஜாஜியை அழைத்தார். ராஜாஜி தேர்தலில் நிற்கவே இல்லை. ஆளுநர் அவரை மேலவைக்கு நியமித்தார், நியமன உறுப்பினராகவே முதலமைச்சரானார். கம்யூனிஸ்ட் தலைவர் பி. ராமமூர்த்தி இதை எதிர்த்து உயர் நீதிமன்றம் போனார், வழக்கு நிற்கவில்லை.

1937-ல் கவர்னரின் தனி அதிகாரத்தை ஒப்பமாட்டேன் என்றவர், 1952-ல் ஆளுநரின் நியமனத்தில் வந்தார். அவர் மேல் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. நம் மண்ணில் பிறந்த பெரிய மூளை. அந்த முடிவை மட்டும் என்னால் ஏற்க முடிவதில்லை. எந்த ஊரில் நின்றாலும் ஜெயித்திருக்கக்கூடிய மனிதர், இடைத்தேர்தலில் நின்றிருக்கலாம். 1954-ல் காமராஜர் முதலமைச்சரானதும் குடியாத்தத்தில் போய் நின்று ஜெயித்துக் காட்டினார்.

மே 5

தேன்கனிக்கோட்டை தம்பி கேட்கிறார்: அண்ணாவும் மேலவை வழியாகத்தானே வந்தார்?

ஆமாம். 1967-ல் அண்ணா தென்சென்னை எம்.பி., முதலமைச்சரானதும் மேலவைக்குப் போனார். ஆனால் அந்தத் தேர்தலில் அவர் கட்சி தனிப் பெரும்பான்மை வாங்கியிருந்தது. யார் முதலமைச்சர் என்பதை ஜனங்கள் தீர்த்துவிட்ட பிறகு வந்தது அது. 1952-ல் அந்தத் தீர்ப்பை ஆளுநர் எழுதினார்.

மே 6

மதுவிலக்கை மறந்தே போனேன். 1937 அக்டோபர் 1, சேலம் ஜில்லாவில் முதலில் வந்தது. தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் அன்று சேலம் ஜில்லாதான் (தர்மபுரி தனியானது 1965, கிருஷ்ணகிரி 2004). ஓட்டில் வந்த சபையின் சட்டம் ஒன்று எங்கள் தாத்தா பாட்டிமார் வீட்டு வாசலுக்கு வந்து நின்றது அப்போதுதான். எங்கள் பாட்டி அந்த வருஷங்களைப் பற்றிச் சொல்லும்போது முகம் மாறும். யார் முதலமைச்சர் என்றுகூடத் தெரிந்திருக்காது. கூலிப்பணம் முழுசாக வீட்டுக்கு வந்தது தெரியும்.

ஜூன் 22

ஓசூர் சாரின் அமெரிக்காவுக்கு வருவோம்.

அங்கேயும் ஆதியில் எல்லோருக்கும் ஒரே மாதிரி இல்லை. கனெக்டிகட், ரோட் ஐலண்ட் இரண்டும் தங்கள் கவர்னரைத் தாங்களே தேர்ந்தெடுத்தன. மாசசூசெட்ஸ் மாதிரி இடங்களுக்கு 1691 சாசனத்துக்குப் பிறகு இங்கிலாந்து ராஜா நியமித்தார். பென்சில்வேனியா, மேரிலாந்தில் நிலத்துக்கு உரிமையாளர் குடும்பமே நியமித்தது. விடுதலை கிடைத்ததும் எடுத்த எடுப்பில் எல்லா மாநிலமும் ஜன ஓட்டுக்குப் போகவில்லை. வர்ஜீனியாவில் 1851 வரை சட்டசபைதான் கவர்னரைத் தேர்ந்தெடுத்தது. ராஜாவின் கவர்னர்களிடம் பட்ட பாட்டில், அந்தப் பதவியைச் சபையின் கைக்குள் வைக்க நினைத்தார்கள். கவர்னரே ஆட்சி நடத்துபவர் என்று ஆன பிறகு நேரடித் தேர்தல் பரவியது. அங்கே கவர்னர்தான் நம் முதலமைச்சர் மாதிரி. அவருக்கு மேலே இன்னொருவர் கிடையாது. உங்கள் மகள் கண்ணில் படும் கவர்னருக்கு இங்கே ஜோடி சொல்ல வேண்டுமானால் முதலமைச்சரைத்தான் காட்ட வேண்டும்.

எனக்கு இதில் பிடித்த விஷயம் வேறு. மாசசூசெட்ஸில் கவர்னரை அனுப்பியது ராஜா, சம்பளம் கொடுத்தது உள்ளூர் சபை. 1728-ல் வில்லியம் பர்னெட் என்ற கவர்னர் நிரந்தரச் சம்பளம் நிர்ணயிக்கச் சொல்லி முட்டி மோதினார். சபை அசையவே இல்லை. அவ்வப்போது தருவோம், நிரந்தரமாக எழுதித் தரமாட்டோம் என்றது. அடுத்த வருஷம் அவர் இறந்தே போனார், சபை இறங்கவில்லை.

நம்மூரில்? ஆளுநரின் சம்பளமும் மாளிகைச் செலவும் மாநிலத்தின் தொகுப்பு நிதியிலிருந்து, அதாவது நம் வரிப்பணத்திலிருந்து போகிறது. ஆனால் 202, 203-வது பிரிவுகளின்படி அது சட்டசபையின் ஓட்டுக்கு வராது. பேசலாம், குறைக்க முடியாது. தேர்ந்தெடுப்பதும் நாம் இல்லை, பணப்பையின் வாயும் நம் கையில் இல்லை.

ஆகஸ்ட் 24

இந்த மாதம் வந்தாலே எங்கள் பக்கத்தில் 2017 ஞாபகம் வரும். வெளியூர்க்காரர்களுக்காகக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

2016 செப்டம்பரிலிருந்து தமிழ்நாட்டுக்கு முழுநேர ஆளுநரே இல்லை. மகாராஷ்டிர ஆளுநர் வித்யாசாகர் ராவ் கூடுதல் பொறுப்பாகப் பார்த்துக்கொண்டார். 1956-ல் செய்த 7-வது திருத்தம் ஒருவரே இரண்டு மாநிலத்துக்கு ஆளுநராக இருக்க இடம் கொடுக்கிறது. முதலமைச்சர் ஜெயலலிதா மருத்துவமனையில் இருந்தது, அவர் இறந்தது, ஓ. பன்னீர்செல்வம் விலகியது, எடப்பாடி பழனிசாமி பதவியேற்றது, இத்தனையும் அந்த ஒரு வருஷத்துக்குள். மாநிலம் கொதித்துக்கொண்டிருந்தபோது ராஜ்பவனில் பொறுப்பு ஆளுநர்.

2017 ஆகஸ்ட் 22 அன்று ஆளும் கட்சி எம்.எல்.ஏ.க்கள் 19 பேர் அவரிடம் போய், முதலமைச்சர் மேல் நம்பிக்கை இல்லை என்று கடிதம் கொடுத்தார்கள். சபையைக் கூட்டி எண்ணிப் பார்க்கச் சொல்லி எதிர்க்கட்சிகள் கேட்டன. கூட்டவில்லை. செப்டம்பர் 18-ல் சபாநாயகர் அதில் 18 பேரைத் தகுதி நீக்கம் செய்தார். அந்த 18-ல் இரண்டு எங்கள் ஜில்லா: அரூரும் பாப்பிரெட்டிப்பட்டியும்.

உயர் நீதிமன்றத்தில் இரு நீதிபதிகள் இரு விதமாகச் சொல்லி, மூன்றாவது நீதிபதி 2018 அக்டோபரில் தகுதி நீக்கம் செல்லும் என்றார். இடைத்தேர்தல் 2019 ஏப்ரல் 18. ஒன்றரை வருஷத்துக்கு மேல் இரண்டு தொகுதிக்கும் எம்.எல்.ஏ. இல்லை.

என் புகுந்த வீடு பாப்பிரெட்டிப்பட்டி பக்கம். எம்.எல்.ஏ. இருந்தால் என்ன பெரிதாக நடந்துவிடும் என்று பலர் கேட்பார்கள். இல்லாதபோதுதான் தெரிந்தது. மாமியாரின் அண்ணி ஒருவருக்கு முதியோர் உதவித்தொகை நின்றுபோனது. வழக்கமாக எம்.எல்.ஏ. ஆபீசில் ஒரு பையனிடம் சொன்னால் அவன் தாலுகாவில் போய் நிற்பான். அந்தக் கதவு மூடிக் கிடந்தது. திங்கட்கிழமை மனுநாளுக்குத் தர்மபுரி கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் பஸ் ஏறி, வெயிலில் வரிசையில் நின்று மனு கொடுத்தோம். கடைசியில் கிடைத்தது. ஆனால் 80 வயதை நெருங்கிய அந்த அம்மா என்னைப் பார்த்துக் கேட்டார்: "நான் போட்ட ஓட்டு எங்கம்மா போச்சு?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. கட்சி மாறியது சரியா, தகுதி நீக்கம் சரியா என்பதெல்லாம் அவர் கேள்வியே இல்லை. 2016-ல் நடக்க முடியாமல் நடந்து போய்ப் பொத்தானை அழுத்தினார். கடிதம் ஒன்று ராஜ்பவனுக்குப் போனது, உத்தரவு ஒன்று கோட்டையிலிருந்து வந்தது, அவருடைய தொகுதிக்கு ஆள் இல்லாமல் போனது.

ஆகஸ்ட் 25

பர்கூர்க்காரர் ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார், "எம்.எல்.ஏ.க்களைப் பெரிய தியாகி மாதிரி எழுதாதீர்கள்" என்று. தியாகி என்று நான் எங்கும் சொல்லவில்லை. நீங்கள் பர்கூர்க்காரர், உங்களுக்கே தெரியும். 1991-ல் உங்கள் தொகுதி ஜெயலலிதாவை ஜெயிக்க வைத்தது, முதலமைச்சரானார். 1996-ல் அதே தொகுதி, முதலமைச்சராக இருந்தவரையே தோற்கடித்தது. ஏற்றிய கையே இறக்கியது. 2021-ல் கிருஷ்ணகிரியில் வித்தியாசம் 794 ஓட்டு. ஒரு கிராமம் வேறு மாதிரி நினைத்திருந்தால் ஆளே மாறியிருப்பார்.

ஆளுநரை இறக்குவது யார்? 156-வது பிரிவு: குடியரசுத் தலைவர் விரும்பும் வரை. 1980-ல் தமிழ்நாட்டு ஆளுநர் பிரபுதாஸ் பட்வாரியைப் பதவியிலிருந்து நீக்கினார்கள். 1991 ஜனவரியில் தி.மு.க. அரசைக் கலைக்க அறிக்கை கேட்டபோது அன்றைய ஆளுநர் சுர்ஜித் சிங் பர்னாலா எழுதித் தர மறுத்தார். 356-ல் "அல்லது வேறு வகையில்" என்று ஒரு வழி இருந்ததால் அறிக்கை இல்லாமலே கலைத்தார்கள். அவரைப் பீகாருக்கு மாற்ற, அவர் விலகிவிட்டார். மனசாட்சிப்படி நடந்த ஆளுநரையும் இந்த முறை காப்பாற்றவில்லை. பர்னாலாவை நினைத்தால் எனக்கு அந்தப் பதவி மேலேயே ஒரு இரக்கம் வருகிறது.

செப்டம்பர் 7

தேன்கனிக்கோட்டை தம்பி: "கவர்னருக்கும் தேர்தல் வந்தால் டீச்சர்களுக்கு இன்னொரு எலெக்‌ஷன் டூட்டி!" படித்துவிட்டு வீடே சிரித்தது.

டூட்டி என்றதும் ஒன்று. பென்னாகரம் பக்கம் கோட்டூர் மலைக்கு ரோடு இல்லாத காலத்தில் வாக்குப் பெட்டியும் பிறகு எந்திரமும் கழுதை மேல்தான் ஏறின. என்னுடன் வேலை பார்த்த ஒரு சார் அங்கே போயிருக்கிறார். முந்தின நாள் காலையில் அடிவாரத்தில் கிளம்பி, கல்லும் முள்ளுமாக ஏறி, பள்ளிக்கூடத்தில் படுத்து, விடிந்ததும் வாக்குச்சாவடி திறந்தார்கள். மலையில் இருந்த சில நூறு பேருக்காக ஓர் அரசாங்கம் அத்தனை கஷ்டப்பட்டு மேலே போனதைச் சொல்லும்போது அவர் குரலே மாறிவிடும். நான் டூட்டி பார்த்த இடங்களிலும் அப்படித்தான், காலை 7 மணிக்கு முன்னாலேயே கிழவிகள் வரிசையில் நிற்பார்கள். 1920-ல் நிலமும் வரியும் இருந்தவர்களுக்கு மட்டும் இருந்த உரிமை கோட்டூர் மலைக்கு ஏறிப் போனது. அந்த ஓட்டில் உருவான சபை நிறைவேற்றிய மசோதா, யாருடைய ஓட்டும் வாங்காத ஒருவரின் மேஜையில் காலவரம்பில்லாமல் கிடக்கலாமா என்பதுதான் என் கேள்வி.

நவம்பர் 21

நேற்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வின் கருத்து வந்தது. அந்த 10 மசோதாக்களைச் சட்டமாக்கிய ஏப்ரல் 8 தீர்ப்புக்குப் பிறகு குடியரசுத் தலைவர் கேட்ட கேள்விகளுக்கு ஐந்து நீதிபதிகள் பதில் சொல்லியிருக்கிறார்கள். மசோதாவுக்கு நீதிமன்றம் காலக்கெடு விதிக்க முடியாது, ஒப்புதல் கிடைத்ததாக நீதிமன்றமே வைத்துக்கொள்ளவும் முடியாது. அதே சமயம், காரணமில்லாமல் முடிவில்லாமல் கிடப்பில் போட்டால் முடிவெடுக்கச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிடலாம்.

ஓசூர் சார் உடனே எழுதிவிட்டார், "பார்த்தீர்களா, தேர்தல் வைப்பதுதான் ஒரே வழி" என்று.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஏப்ரலில் உங்கள் கேள்வியைப் படித்தபோது பாதி மனசு உங்கள் பக்கம் இருந்தது. இத்தனை மாதம் இதையே புரட்டியதில் வேறு இடத்துக்கு வந்திருக்கிறேன். ஆளுநருக்கு ஓட்டு வாங்கிக் கொடுத்தால், இன்று இல்லாத பலம் அவருக்கு வரும். 1937-ல் ராஜாஜி வெளியே நின்று கேட்டது எர்ஸ்கினுக்கு ஒரு தேர்தல் வேண்டும் என்று அல்ல. ஓட்டு வாங்கிய சபையின் வேலையில் கை வைக்காதே என்பதுதான். எனக்கும் அதுதான் வேண்டும். முதலமைச்சரைக் கலந்தே நியமனம் என்று 155-ல் ஒரு வரி. மசோதாவுக்கு இத்தனை நாள் என்று 200-ல் ஒரு வரி. "கூடிய விரைவில்" என்பது அங்கே ஏற்கனவே இருக்கிறது, அதற்குப் பக்கத்தில் ஓர் எண் வேண்டும். நீதிமன்றம் எழுத முடியாது என்று சொல்லிவிட்டது. எழுதக்கூடியது நாடாளுமன்றம். நாம் அனுப்பும் எம்.பி.யிடம் கேட்க வேண்டிய கேள்வி இது, தர்மபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் ஆளுக்கு ஒருவர் இருக்கிறார்.

நவம்பர் 23

வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் பற்றி நிறைய பேர் கேட்கிறீர்கள், இந்த இழைக்குச் சம்பந்தம் உண்டு என்பதால் இங்கேயே எழுதுகிறேன். முதலில் பட்டியலில் பெயர் இருந்தால்தான் மற்றதெல்லாம்.

இந்த 2025 நவம்பர் திருத்தத்தில் வீட்டுக்கு வரும் பி.எல்.ஓ. (வாக்குச்சாவடி நிலை அலுவலர்) தரும் படிவத்தில் 2002, 2005-ல் திருத்திய பழைய பட்டியலின் விவரம் கேட்கிறார்கள். எங்கள் தெருவில் பாதிப்பேர் "பெயரே இல்லை" என்று பயந்துபோய் வந்தார்கள். இருக்கிறது. தேடும் தொகுதி தப்பு. 2008 மறுவரையறையில் மொரப்பூர், காவேரிப்பட்டணம் தொகுதிகள் போய்விட்டன. பாப்பிரெட்டிப்பட்டி, வேப்பனஹள்ளி பெயர்கள் அதில்தான் வந்தன. இன்றைய தொகுதிப் பெயரைப் போட்டால் பழைய பட்டியல் கிடைக்காது. அப்போது உங்கள் ஊர் எந்தத் தொகுதியில் இருந்தது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள், பழைய வாக்காளர் அட்டை இருந்தால் அதைப் பாருங்கள். கல்யாணமாகி வந்த பெண்கள் அப்பா வீட்டு ஊரில் தேட வேண்டும். அப்போது 18 ஆகாதவர்கள் அப்பா அல்லது அம்மாவின் விவரத்தைக் கொடுக்கலாம்.

படிவம் இரண்டு பிரதி. ஒன்றைக் கையெழுத்தோடு திருப்பிக் கொடுத்து, இன்னொன்றில் பி.எல்.ஓ.வின் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எழுதத் தெரியாதவர்கள் பக்கத்து வீட்டில் இருந்தால் நீங்களே உட்கார்ந்து எழுதிக் கொடுங்கள். சாயங்காலம் 5 மணிக்கு மேல் நான் வீட்டில்தான் இருப்பேன், எங்கள் தெருக்காரர்கள் வரலாம்.